இரண்டாம் ஓலைக்குப் பிறகு

போன இதழில் கிறிஸ்தவக் காதல் நாவல்களைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். பிரிந்தவர்கள் சேர்வது, ஓடிப்போனவன் திரும்புவது, நடுவில் நிறைய ஜெபம், கடைசிப் பக்கத்தில் கோயில் மணி, அந்த வகை. எட்டாம் வகுப்பிலிருந்து படிப்பவள் என்கிற உரிமையில் கொஞ்சம் கிண்டலும் செய்திருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் பெங்களூரில் பாதிப் பேர் தலையணைக்கு அடியில் இதைத்தான் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் யார் பெயரும் இல்லை, ஏரியா மட்டும்.

அக்கா, இந்த நாவல்களில் ஹீரோ கையைப் பிடிப்பதற்கே இருநூறு பக்கம் ஆகிறது, அவ்வளவு சுத்தம். அப்படியும் அம்மா, 'காதல் கதை அட்டையில் சிலுவையைப் போட்டால் அது ஜெபப் புத்தகமாகிவிடுமா?' என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது? – கம்மனஹள்ளி

ஆகாது என்று சொல்லுங்கள். அம்மா கேட்டது சரியான கேள்வி. அது கதைப் புத்தகம்தான், கதைப் புத்தகமாகவே படியுங்கள், அதைப் படித்ததால் அன்றைய வேத வாசிப்பு முடிந்தது என்று மட்டும் கணக்கு எழுதிவிடாதீர்கள்.

இது பெரிய வியாபாரமும்கூட. 1979-ல் கனடாவைச் சேர்ந்த ஜேனட் ஓக்கின் முதல் நாவல் வந்தது. புருஷனை வழியிலேயே இழந்த ஒரு பெண், தாயில்லாத ஒரு குழந்தைக்காக முன்பின் தெரியாதவனைக் கட்டிக்கொள்கிற கதை. அது ஓடின ஓட்டத்தில்தான் பதிப்பகங்கள் கண்ணைத் திறந்தன. 1997-ல் காதல் நாவல்களுக்குப் பேர்போன ஹார்லெக்வின் நிறுவனமே இதற்கென்று தனி வரிசை ஆரம்பித்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் படுக்கை கூடாது, கெட்ட வார்த்தை கூடாது என்று எழுத்தாளர்களுக்கு விதியே உண்டு. உங்கள் இருநூறு பக்கத்துக்குக் காரணம் ஹீரோவின் பரிசுத்தம் மட்டுமல்ல, ஒப்பந்தமும்தான்.

அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பைபிளில் ரூத் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கணவனை இழந்த வெளியூர்ப் பெண், மாமியார் யோசனைப்படி குளித்து, எண்ணெய் பூசி, நல்ல துணி உடுத்தி, ராத்திரியில் களத்துக்குப் போய் வயல்காரர் போவாஸின் கால்மாட்டில் படுத்துக்கொள்கிறாள். நடுச்சாமத்தில் அவர் அரண்டு எழுந்து 'நீ யார்' என்கிறார். விடிவதற்கு முன்னால் அவள் முந்தானையில் ஆறு படி வாற்கோதுமையை அளந்து போட்டு அனுப்புகிறார். காதல் கதையில் வாற்கோதுமையை அளந்து காட்டுகிற எழுத்தாளர் கெட்டிக்காரர். மொத்தமே நாலு அதிகாரம்தான்.

நம் பக்கமும் பஞ்சமில்லை. தமிழின் முதல் நாவலை 1879-ல் அச்சில் கொண்டுவந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அ. மாதவையா 1915-ல் 'கிளாரிந்தா' என்று ஒரு சரித்திர நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். அவள் நிஜமாகவே வாழ்ந்தவள். மராத்தி பிராமண இளம் விதவை, உடன்கட்டையிலிருந்து லிட்டில்டன் என்கிற ஆங்கிலேய அதிகாரி அவளைக் காப்பாற்றினார் என்று சொல்வார்கள். அவரோடு பாளையங்கோட்டையில் வாழ்ந்தாள். ஞானஸ்நானம் கேட்டபோது, கல்யாணமாகாமல் சேர்ந்திருக்கிறாய் என்று மிஷனரி பாதிரியார் ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு 1778-ல் கொடுத்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் 1785-ல் அங்கே ஒரு கோயிலே கட்டினாள், பாப்பாத்தியம்மாள் கோயில் என்று இன்னும் சொல்கிறார்கள். மறுத்த ஐயர், மறுத்தும் போகாத பெண். இதில் யார் யாரை மன்னிக்க வேண்டும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

எனக்கும் ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. சின்ன வயதில் சபை நூலகத்தைப் பார்த்துக்கொண்ட ஒரு ஆன்ட்டி, 'இது உனக்கு வேண்டாம்மா' என்று ஒரு நாவலை என் கையிலிருந்து பிடுங்கினார். மூன்று வாரம் கழித்து அது அலமாரிக்குத் திரும்பியது, முக்கியமான பக்கத்தில் சாம்பார் கறையோடு.

எல்லாக் கதையிலும் ஹீரோ குதிரைப் பண்ணை வைத்திருக்கிறான், மனைவியை இழந்தவன், ஒரு பெண் குழந்தை. பெங்களூரில் எவனிடம் குதிரை இருக்கிறது? இதைத் தமிழில் நம்ம ஊரில் வைத்து எழுத முடியாதா? – லிங்கராஜபுரம்

குதிரை ரேஸ்கோர்ஸில் இருக்கிறது, ஆனால் அங்கே போகிறவனை இந்த நாவல்களில் ஹீரோவாகப் போட மாட்டார்கள்.

தாராளமாக எழுதலாம். கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட பிறகு கேஜிஎஃப்பிலிருந்து தினமும் ரயிலேறி இங்கே வேலைக்கு வந்து போகிற தமிழர்கள் எத்தனை பேர்! மாரிக்குப்பத்தில் விடிவதற்கு முன்னால் ரயில் பிடிக்கிற ஒருவன், பங்காருப்பேட்டையில் ஏறுகிற ஒருத்தி, பின்னால் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடு. பண்ணை எதற்கு? சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா திருவிழாவில் செப்டம்பர் 8 தேருக்கு காவி உடுத்தி வருகிற கூட்டத்தில், பத்து வருடமாகப் பேசாத இருவரை நெருக்கி நிறுத்துங்கள், நகரவே முடியாது, பேசித்தான் ஆக வேண்டும். எழுதினால் எனக்கு அனுப்புங்கள்.

எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் மலருக்கு ஒரு கதை எழுதினேன். ஏழு வருடம் முன்பு மனைவியை விட்டுப் போனவன், கிறிஸ்துமஸ் ராத்திரி ஆராதனையில் கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறான், அழுகிறான், அவள் திரும்பிப் பார்க்கிறாள், மன்னிக்கிறாள். எல்லாரும் பாராட்டினார்கள். என் தங்கை மட்டும் 'நம்பவே முடியலக்கா' என்று சொல்லிவிட்டாள். எங்கே தப்பு? – மர்பி டவுன்

தங்கையை விடாதீர்கள், இனி எழுதுவதையெல்லாம் முதலில் அவளிடம் காட்டுங்கள்.

தப்பு அழுகையில். உங்கள் ஆள் அழுகிறான், நல்லது, ஆனால் அழுகைக்கு ஒன்றும் செலவாகவில்லையே. ஏழு வருடம் அவள் வாடகை கட்டியிருக்கிறாள், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியிருக்கிறாள், சபையில் 'அவர் எங்கே?' என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிடம் அழுததும் எல்லாம் நேராகிவிடுகிறது என்றால், படிக்கிறவளுக்கு அவன் மேல் இரக்கம் வராது, அவள் மேல் கோபம்தான் வரும்.

பைபிளில் அண்ணன்களே விற்றுவிட்ட யோசேப்பின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்தில் தானியம் வாங்க வந்த அண்ணன்களைப் பார்த்ததும் அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, தனியாகப் போய் அழுகிறான், அதாவது உள்ளுக்குள் மனம் இளகிவிட்டது. ஆனாலும் உடனே 'நான்தான் யோசேப்பு' என்று கட்டிப்பிடிக்கவில்லை. மூன்று நாள் காவலில் வைக்கிறான், சிமியோனைப் பிடித்து வைக்கிறான், அடுத்த முறை வந்தபோது பந்தியில் கடைக்குட்டி பென்யமீனுக்கு மட்டும் ஐந்து மடங்கு பரிமாறச் சொல்லிவிட்டு மற்றவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கிறான் (இது என் ஊகம், ஆனால் வேறு எதற்கு ஐந்து மடங்கு?). கடைசியில் வெள்ளிப் பாத்திரத்தை அவன் சாக்கில் ஒளித்து, 'இவன் மட்டும் எனக்கு அடிமையாக இருக்கட்டும், மற்றவர்கள் வீட்டுக்குப் போங்கள்' என்கிறான். அப்பாவின் செல்லப் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட முன்பு கிடைத்த அதே வாய்ப்பு மறுபடி வந்து நிற்கிறது. அன்றைக்கு இருபது வெள்ளிக்காசுக்கு விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் யூதா. இன்றைக்கு அதே யூதா முன்னால் வந்து, 'தம்பிக்குப் பதிலாக என்னை வைத்துக்கொள்ளுங்கள்' என்கிறான். அதற்கு அப்புறம்தான் யோசேப்புக்கு அடக்க முடியாமல் போகிறது.

இயேசுவின் சீடன் பேதுருவுக்கும் இதுதான். குளிருக்குக் கரிநெருப்பு மூட்டியிருந்த முற்றத்தில் இயேசுவை மூன்று முறை 'எனக்குத் தெரியாது' என்று சொன்னான். யோவான் கடைசி அதிகாரத்தில் கடற்கரையில் மறுபடி கரிநெருப்பு, மீன், அப்பம், இயேசு மூன்று முறை கேட்கிற கேள்வி. அந்தப் புகை வாசனையிலேயே பேதுருவுக்கு வயிறு கலங்கியிருக்கும்.

உங்கள் கதைக்கு வருகிறேன். அவன் எதனால் போனான் என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. கடனாலா? அப்படியானால் மறுபடி ஒரு பணத் தேவை வரட்டும், இந்த முறை அவன் ஓடாமல் அவளிடம் வந்து 'இவ்வளவு பாக்கி இருக்கிறது' என்று சொல்லட்டும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத ராத்திரியில் போனானா? இன்னொரு காய்ச்சல் ராத்திரி எழுதுங்கள், பவ்ரிங் ஆஸ்பத்திரி வராந்தாவில் விடியும்வரை அவன் நிற்கட்டும், அவள் ஒரு வார்த்தை பேச வேண்டாம், ஃபிளாஸ்க் காபியில் பாதியை ஊற்றி நீட்டினால் போதும். கிறிஸ்துமஸ் ஆராதனையைத் தூக்கிவிடுங்கள், அல்லது கதையின் ஆரம்பத்தில் வையுங்கள்.

அக்கா, எனக்கு வயது 31. 2019-ல் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பில் இரண்டு ஓலை வாசித்த பிறகு அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். பத்திரிகை அச்சடித்துப் பாதி பேருக்குக் கொடுத்தாயிற்று. மண்டப அட்வான்ஸ் போனது. அப்பா அதற்கப்புறம் எங்கள் வழக்கமான இடத்தில் உட்காருவதே இல்லை, தூணுக்குப் பின்னால்தான். இப்போது அவர் திரும்பி வந்திருக்கிறார், சபையில் சாட்சி சொன்னார், 'கர்த்தர் என்னை மாற்றினார், நீதான் எனக்கென்று காட்டினார்' என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். போதகரின் மனைவி ஐயரம்மா 'ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே' என்கிறார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இதே மாதிரி ஒரு நாவல் படித்து அழுதவள் நான். மன்னித்தால் கல்யாணம் செய்துகொள்ளத்தான் வேண்டுமா? – காக்ஸ் டவுன்

வேண்டியதில்லை, தங்கம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தினமும் சொல்கிற ஜெபத்தையே பாருங்கள். 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்கிறோம். கடன் என்கிற வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும், சின்ன வயதில் பால்காரர் கடனைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தர் வாங்கிய கடனை நீங்கள் தள்ளுபடி செய்யலாம், கணக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்தே போடலாம். அதற்காக மறுநாள் அவர் வந்து கேட்டால் புதுக்கடன் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்மேல் உள்ள வெறுப்பை விடுவது மன்னிப்பு, அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருக்கிற விஷயம், அவருக்குத் தெரிய வேண்டியதுகூட இல்லை. அவரோடு வாழ்வது வேறு விண்ணப்பம். அதை எல்லா மாப்பிள்ளையையும் போல அவரும் முதலிலிருந்துதான் போட வேண்டும்.

ஐயரம்மா சொன்ன ஏழெழுபது மத்தேயு 18-ல் வருகிறது. அதே அதிகாரத்தில் ஏழு வசனம் முன்னால், தப்பு செய்தவனிடம் தனியாகப் போய் அவன் குற்றத்தை எடுத்துச் சொல் என்றும் இருக்கிறது. அதை யாராவது செய்தார்களா? 'நீ செய்ததால் எங்கள் வீட்டில் இது இது நடந்தது' என்று அவரை உட்கார வைத்து ஒருவராவது சொன்னார்களா? சாட்சி சொல்ல மைக் கொடுத்தார்கள். உங்கள் அப்பாவிடம் யாரும் மைக் கொடுக்கவில்லை.

எனக்கு இந்தக் கடிதத்தில் கண் போய் நின்ற இடமே அந்தத் தூண்தான். அவர் மாறியிருக்கலாம், ஆட்கள் நிஜமாகவே மாறுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன், என் சொந்த அண்ணன் ஒருவர் மாறினார். மாறியவர்கள் செய்கிற ஒரு காரியம் உண்டு. இயேசுவைப் பார்க்க மரமேறிய வரிக்காரன் சகேயு, மரத்திலிருந்து இறங்கிய கையோடு 'ஆண்டவர் என்னோடு பேசினார்' என்று சபைக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கவில்லை, யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று கணக்குப் பேசினான். உங்கள் ஆள் மண்டப அட்வான்ஸைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினாரா? பணம் பெரிதில்லை, ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவனுக்குத்தான் தன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தெரிந்திருக்கிறது. உங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் அப்பாவைப் போய்ப் பார்த்தாரா? பத்திரிகை வாங்கிய சொந்தக்காரர்களிடம் 'தப்பு என்மேல்தான், பெண் மேல் ஒன்றுமில்லை' என்று சொன்னாரா? அந்த நாட்களில் உங்களைப் பற்றி என்னென்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் இதே ஊர் சபையில் வளர்ந்தவள்தான்.

'கர்த்தர் காட்டினார்' என்பது பற்றி ஒன்று. கர்த்தர் அவருக்குக் காட்டினால் உங்களுக்கும் காட்டட்டும், அவசரமில்லை. ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் மற்றவர் மறுக்கும்போது கர்த்தரையே மறுக்கிற மாதிரி ஆகிவிடுகிறது, அதனாலேயே எனக்கு அது பிடிப்பதில்லை.

நாவலைப் படித்து அழுததில் தப்பில்லை. பைபிளில் ஓசியா தீர்க்கதரிசி தன்னை விட்டுப் போன மனைவியைப் பதினைந்து வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து மறுபடி அழைத்து வந்தான், அதைக் கலிபோர்னியா தங்க வேட்டைக் காலத்துக்கு மாற்றி ஃபிரான்சின் ரிவர்ஸ் 1991-ல் எழுதிய நாவலுக்கு நானும் அழுதிருக்கிறேன். ஆனால் கவனியுங்கள், ஓசியா கதையில் காசு கொடுத்தவன் ஓசியா, விட்டுப்போனவள் அவள். அழைத்து வந்த பிறகும் 'அநேக நாள் காத்திரு' என்றுதான் சொல்கிறான். உங்கள் கதையில் செலவு செய்வது யார்?

உங்களுக்கு அவர்மேல் இன்னும் பிரியம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் வெட்கப்பட வேண்டாம். ஒரு வருடம் கேளுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், வீட்டுக்கு வரட்டும், அப்பாவோடு பேசட்டும், அந்த மூன்றாவது ஓலையை எந்த ஐயரும் நாளைக்கே வாசித்துவிட முடியாது, மறுபடி முதலிலிருந்து மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், அந்த விதி எனக்கு இப்போது ரொம்ப நியாயமாகப் படுகிறது. பிரியம் இல்லை என்றால், 'உங்களை மன்னித்துவிட்டேன், நல்லா இருங்க' என்று ஒரு வரி எழுதிவிட்டு நம்பரை எடுத்துவிடுங்கள். ஐயரம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அமெரிக்க நாவல்களில் விவாகரத்தான பெண் சர்வ சாதாரணமாக சர்ச்சில் மறுமணம் செய்கிறாள். நான் ரோமன் கத்தோலிக்க். எங்களுக்கு அது நடக்குமா? – ஆஸ்டின் டவுன்

அந்த நாவல்களில் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் சபைகள், அங்கே போதகர் சம்மதித்தால் போதும். உங்களுக்கு இரண்டு கதவு, இரண்டு சாவி. கோர்ட்டில் 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டப்படி விடுதலை வாங்க வேண்டும். கோயிலில், முதல் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டும். இரண்டு தீர்ப்பாயங்கள் ஒரே முடிவைச் சொல்ல வேண்டும் என்றிருந்த விதியைப் போப் பிரான்சிஸ் 2015-ல் எடுத்துவிட்டார், அதனால் முன்பைவிடச் சுருக்கம். ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது. கோயில் தீர்ப்பு வந்துவிட்டது என்று கோர்ட்டுக்குப் போகாமல் மறுமணம் செய்தால் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கர்நாடகத்துக்காரர் ஒருவர் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பங்குத் தந்தையையும் ஒரு வக்கீலையும் ஒரே வாரத்தில் பாருங்கள்.

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு தகவல். 2001 திருத்தம் வரை அந்தச் சட்டத்தில், மனைவிக்கு வேறொருவரோடு தொடர்பு என்றால் கணவனுக்கு அது ஒன்றே போதும், கணவனுக்கு வேறொருத்தியோடு தொடர்பு என்றால் மனைவி அதோடு கொடுமையோ கைவிட்டுப் போனதையோ சேர்த்துக் காட்ட வேண்டும். பரஸ்பர சம்மதத்தில் பிரிகிற வழியும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. உங்கள் கதாநாயகி 1985-ல் 'பொறுத்துப் போனாள்' என்று எழுதும்போது அது குணமா, சட்டமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எழுதுங்கள்.

தங்கச்சி, எனக்கு 74 வயது. நாற்பது வருடம் முன்னால் வீட்டுக்காரிக்கு ஒரு பெரிய தப்பு செய்தேன். மன்னித்துவிட்டாள், அதற்கப்புறம் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் நீங்கள் சொல்கிற இந்த நாவல்களைத்தான் படிப்பாள். பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். எங்கே கிடைக்கும், எதை வாங்கலாம், முதல் பக்கத்தில் என்ன எழுதலாம்? – பிரேசர் டவுன்

அண்ணா, சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள். அங்கே பழைய புத்தகக் கடைகளில் இந்த வகை அடுக்கடுக்காகக் கிடக்கும், புதுசு வேண்டாம், பழசே போதும். எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று கடையிலேயே கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள். பின் அட்டையை முழுக்கப் படியுங்கள். தப்பு செய்த கணவன் திரும்பி வருகிற கதை என்றால் திரும்ப வைத்துவிடுங்கள், அதை அவர் நாற்பது வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். ஏதாவது பனி பெய்கிற ஊர், தையல்காரி, நாய்க்குட்டி, அந்த மாதிரி பாருங்கள்.

அவர் ஏற்கெனவே படித்ததா என்று கண்டுபிடிக்க, வீட்டில் இருக்கிற பழைய நாவல்களின் அட்டையை நைசாகப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் பக்கத்தில் வசனம் எழுதாதீர்கள், மன்னிப்பு என்கிற வார்த்தையும் வேண்டாம். அவர் பெயர், தேதி, கீழே உங்கள் பெயர். மை காய்ந்த பிறகு மூடுங்கள், இல்லாவிட்டால் எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.